பரீட்சை அட்டையும் கிரையானும்: கடுநோயுற்ற குழந்தைகளோடு ஓவியத் தொண்டு

கடுநோயோடு நெடுநாள் மருத்துவமனையில் இருக்கும் குழந்தையின் கட்டிலருகே உட்கார்ந்து, அந்தக் குழந்தையோடு சேர்ந்து வரைவதும் வண்ணம் தீட்டுவதும் காகிதம் மடிப்பதும் ஒரு தனித் தொண்டு. சம்பளம் வாங்காத, மருத்துவம் படிக்காத, ஆனால் வாரம் தவறாமல் வருகிற ஒருவர் செய்வது. ரத்தப் புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, தலசீமியா, பிறவி இதயக் கோளாறு என்று வரும் குழந்தைகளுக்கே இது அதிகம் தேவைப்படுகிறது. இந்த நோய்களில் சிகிச்சை ஒரு வாரத்தில் முடிவதில்லை. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்கு 2 முதல் 3 ஆண்டுகள் மருந்து ஓடும். இரண்டாம் வகுப்பில் தொடங்கினால் நான்காம் வகுப்பில்தான் முடியும்.

சங்கரன்கோவில் குழந்தைக்கு இந்த ஆண்டுகளில் பயணமும் சேர்ந்துகொள்கிறது. 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தில், விசைத்தறிச் சத்தமும் பூச்சந்தையும் உள்ள ஊர் இது. ஊரில் அரசு மருத்துவமனை உண்டு. விடாத காய்ச்சலும் வெளிறிய முகமும் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் இது போன்ற இடங்களில்தான். அதற்குப் பிறகு பெரிய ஆஸ்பத்திரி. சுமார் 55 கி.மீ. தொலைவில் 1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. அதற்கும் மேலே மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. பொதிகை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் போனால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையம். செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டித் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு (ஆர்.சி.சி.) போகிறவர்களும் உண்டு. ஓவியத் தொண்டு பற்றிய பேச்செல்லாம் பெருநகர வார்டோடு நின்றுவிடுகிறது. குழந்தையின் நோயோ பஸ்ஸிலும் ரயிலிலும் வீட்டுத் திண்ணையிலும் கூடவே வருகிறது. இந்தக் கட்டுரை இரண்டு முனைகளையும் பார்க்கிறது.

நோயாளி கையில் தூரிகை கொடுப்பது என்ற எண்ணத்துக்கு ஒரு தெளிவான தொடக்கம் உண்டு. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் காசநோய்க்காக ஒரு சானடோரியத்தில் படுத்திருந்தார். பொழுது போக்க வரைந்தார். மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். ஓவியச் சிகிச்சை என்ற சொல்லை 1942இல் முதலில் பயன்படுத்தியவர் அவர் என்பார்கள். 1945இல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். மருத்துவர் கண்டுபிடித்த முறை அல்ல இது. படுத்துக் கிடந்த ஒருவர் தன் கட்டிலிலிருந்து கண்டெடுத்தது.

குழந்தைகள் வார்டின் கதை வேறு. அன்றைய இங்கிலாந்தில் பெற்றோர் வந்து பார்க்கும் நேரம் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் எடுத்த ஒரு படம், 2 வயதுச் சிறுமி எட்டு நாள் மருத்துவமனையில் தனியே இருந்ததைக் காட்டியது. அழாமல் உள்ளொடுங்கிப் போகும் குழந்தையை, அது பழகிவிட்டது என்று பெரியவர்கள் தவறாக எண்ணுவதை அந்தப் படம் வெளிச்சம் போட்டது. 1959இல் பிளாட் குழு அறிக்கை பெற்றோருக்குக் கதவைத் திறந்துவிடச் சொன்னது. அதே காலத்தில், 1955இல், வியன்னாவில் பிறந்த எம்மா பிளாங்க் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில் குழந்தைகளுக்கான விளையாட்டையும் கல்வியையும் சிகிச்சையின் பகுதியாகவே ஒழுங்குபடுத்தினார். 1989இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு விளையாட்டையும் கலையையும் குழந்தையின் உரிமையாக எழுதி வைத்தது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. நோயாளிக் குழந்தைக்கு அந்த உரிமை இல்லை என்று அதில் எங்கும் இல்லை.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் தனிமை வேறு விதமாக வருகிறது. இங்கே அம்மா கூடவே இருக்கிறாள். கட்டிலுக்கு அடியில் பாய், தலைமாட்டில் தூக்குவாளி, ஜன்னல் கம்பியில் காயும் துண்டு என்று வார்டே ஒரு வீடாகிவிடும். அதனால் இங்கே வரும் தொண்டர் ஒரு குழந்தையோடு மட்டும் வேலை செய்வதில்லை. இரண்டு பேரோடு செய்கிறார். அம்மாவுக்கு வரையத் தெரியாது என்று அம்மாவே சொல்வாள். புள்ளி வைக்கச் சொன்னால், 7 புள்ளி 7 வரிசை கண் மூடித் திறப்பதற்குள் தாளில் இறங்கிவிடும். கோலம் போட வாசலில்லாமல் மாதக்கணக்கில் இருந்த கை அது. பிள்ளை அதற்கு வண்ணம் அடிக்கும். இந்த வசதியைத் தமிழ் வார்டு சும்மா தருகிறது.

நல்ல தொண்டு அருகிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? காலை 11 மணி. ரவுண்ட்ஸ் முடிந்துவிட்டது. 8 வயதுப் பையன். வலது புறங்கையில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் குழாய், அசையாமலிருக்க அட்டை வைத்துக் கட்டியிருக்கிறது. தொண்டர் நிற்காமல் ஸ்டூலில் உட்கார்கிறார்; இப்போது கண்ணுக்கு நேர் கண். “படம் வரைவமா தம்பி?” “வேண்டாம்.” “சரி. நான் இங்க இருந்து வரையட்டுமா?” பதில் இல்லை. பரீட்சை அட்டையில் தாளைச் செருகி அவர் ஒரு பஸ் வரைகிறார், அவசரமே இல்லாமல். கொஞ்ச நேரம் கழித்துப் பையன் சொல்கிறான்: “பஸ்சுக்கு டிரைவர் இல்லயே.” கிரையான் பெட்டி அவன் பக்கம் நகர்கிறது. இடது கையால் ஒரு வட்டம் போடுகிறான், அதுதான் டிரைவர்.

அந்த ‘வேண்டாம்’ என்ற சொல்லே இதில் முக்கியம். ஊசி வேண்டாம் என்றால் யாரும் கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. மாத்திரை, டிரிப்ஸ், முதுகுத்தண்டு ஊசி, கசக்கும் மருந்து எதற்கும் அவன் சம்மதம் தேவையில்லை. நாள் முழுவதும் தன் உடம்பை மற்றவர்களுக்கு ஒப்புக்கொடுத்திருக்கும் பிள்ளைக்கு, தன் சொல் செல்லுபடியாகும் ஒரே இடம் இந்தத் தாள். எந்த வண்ணம், எவ்வளவு பெரிசு, எப்போது நிறுத்துவது எல்லாம் அவன் முடிவு. ஆகவே வரைய மறுக்கும் குழந்தையை வற்புறுத்தும் தொண்டர் இன்னொரு ஊசிக்காரராகிவிடுகிறார். படம் கற்றுக்கொடுப்பவரும் ஏறக்குறைய அப்படித்தான். யானைக்குத் தும்பிக்கை இப்படி வராது என்று திருத்துவதற்கு வகுப்பறை இருக்கிறது. வார்டில் யானை எப்படி வந்தாலும் யானைதான்.

கைக்கு வராத வேலையைக் கொடுப்பதும் ஒரு தீங்கே. ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிறிஸ்டின் என்ற மருந்து நரம்புகளைப் பாதிக்கும். விரல் பிடி தளரும், பாதம் தொங்கும். நேற்றுவரை எழுதிய பிள்ளைக்கு இன்று பென்சில் நழுவும். தடிமனான கிரையானோ, துணி சுற்றிய பென்சிலோ கொடுத்தால் அந்த அவமானம் நேராது. ஸ்டீராய்டு ஓடும் வாரங்களில் பசி பேய் மாதிரி வரும், கோபமும் வரும். அப்போது இட்லி, புரோட்டா, ஊர்க் கடைப் பிரியாணி என்று தாள் முழுக்கச் சாப்பாடாக வரைந்தால் வியக்க வேண்டியதில்லை. காரணம் தெரிந்தவர் தட்டை இன்னும் பெரிதாக வரைய இடம் விடுவார்.

வார்டில் எல்லோர் வாயிலும் புழங்கும் சொல் ‘கவுண்ட்’. கீமோவுக்குப் பிறகு வெள்ளணுக்கள் குறையும். அவற்றில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே போனால், சாதாரணக் கிருமியும் உயிரை எடுக்கலாம். தொண்டர் அறிந்திருக்க வேண்டிய முதல் பாடம் ஓவியம் இல்லை, கைகழுவுதல். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டி, மோதிரம் கழற்றி வர வேண்டும். சளி, தொண்டை வலி, வீட்டில் யாருக்காவது அம்மை என்றால் அந்த வாரம் போகவே கூடாது. போன் செய்து சொல்லிவிட்டு வீட்டிலிருப்பதும் தொண்டுதான். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பெட்டி. ஒரு பிள்ளை தொட்டதை இன்னொரு கட்டிலுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஸ்கெட்ச் பேனாவை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கலாம். களிமண்ணைத் துடைக்க முடியாது, ஆகவே களிமண் வேண்டாம். வீட்டில் காய்ச்சிய மைதாப் பசை பூசணம் பிடிக்கும்; பசைக் குச்சி போதும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் குறைந்திருந்தால் கத்தரிக்கோலும் ஊசியும் விலக்கு. காகிதத்தைக் கையால் கிழித்து ஒட்டும் படங்கள் அப்போது கைகொடுக்கும். கிழிந்த ஓரத்துக்குக் கத்தரித்த ஓரத்தைவிட அழகும் அதிகம். மணி கோப்பது 3 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு ஆபத்து. வாசனை தூக்கலான பெயிண்ட், குமட்டலில் இருக்கும் பிள்ளைக்குத் தண்டனை.

பூவுக்கும் மண்ணுக்கும் இங்கே தனியாக ஒரு வார்த்தை வேண்டும். சங்கரன்கோவில் குடும்பத்துக்கு இரண்டும் சாதாரணப் பொருள்கள் இல்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகளின் வார்டில் புதுப் பூக்களை அனுமதிப்பதில்லை. பூவிலும் அதன் ஈரத்திலும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் இருக்கும். பிச்சியும் மல்லிகையும் கட்டியே வளர்ந்த கைகளுக்கு இது ஒரு சின்ன இழப்பு. டிஷ்யூத் தாளைச் சுருட்டிப் பூவாக்கிப் புது நூலில் கட்டச் சொன்னால் அந்தக் கைகள் பழைய வேகத்துக்குத் திரும்புகின்றன. சங்கரநாராயணர் கோயிலின் புற்றுமண் பிரசாதம் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கை ஊரில் ஆழமானது. பூசுவார்கள், சிறிது உட்கொள்வதும் உண்டு. கவுண்ட் இறங்கிய குழந்தைக்கு மண் எதுவானாலும் ஆகாது. இதைத் தொண்டர் வாதம் செய்து சொல்லக் கூடாது. சிஸ்டரோ டாக்டரோ நயமாகச் சொல்ல வேண்டிய விஷயம். தொண்டர் செய்யக்கூடியது வேறொன்று. பழுப்புக் கிரையானால் புற்றை வரையலாம், அதன் மேல் கோயில் கதையில் வரும் சங்கன், பதுமன் என்ற இரண்டு பாம்புகளையும் வரையலாம். பாதி சிவன், பாதி திருமால் என்ற சங்கரநாராயணர் உருவம் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்தமானது. நடுவில் ஒரு கோடு, இந்தப் பக்கம் ஜடை, அந்தப் பக்கம் கிரீடம். கோயிலின் ஆடித்தபசு விழாவுக்கு ஊருக்குப் போக முடியாத பிள்ளை, ஒற்றைக்காலில் நிற்கும் கோமதி அம்மனைத் தாளில் நிறுத்திவிட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பக்தியைப் பறிக்காமல் மண்ணை மட்டும் விலக்க இதுவே நல்ல வழி.

தொண்டரும் ஓவியச் சிகிச்சையாளரும் ஒருவரில்லை. பிரிட்டனில் ஓவியச் சிகிச்சையாளர் என்ற பெயரைச் சட்டப்படி பதிவு பெற்றவர் மட்டுமே போட்டுக்கொள்ள முடியும். முதுநிலைப் படிப்பும் மேற்பார்வையும் அதற்குத் தேவை. கறுப்பு வீட்டைப் பார்த்ததும் மனச்சோர்வு என்றும், பறக்கும் பறவையைப் பார்த்ததும் மரண எண்ணம் என்றும் ஜோசியம் சொல்லும் பழக்கம் தொண்டர்களிடம் வளர்ந்துவிடுகிறது. பெட்டியில் கறுப்பு மட்டும் முனை உடையாமல் இருந்திருக்கலாம். “இது என்ன?” என்று கேட்பதைவிட “இதைப் பத்திச் சொல்லேன்” என்பது நல்லது, சொல்லாவிட்டாலும் நல்லதே. படம் உண்மையிலேயே கவலை தந்தால், வார்டில் பொறுப்பிலுள்ள சிஸ்டரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும்.

இதனால் பயன் உண்டா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், உண்டு, ஆனால் அளவோடு. இத்தாலியின் கத்தானியா நகரில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் 32 பேரிடம் செய்த ஆய்வு 2001இல் வெளியானது. எலும்பு மஜ்ஜை எடுத்தல், முதுகுத்தண்டு ஊசி போன்ற வலி மிகுந்த செய்முறைகளுக்கு முன்னும் பின்னும் வரைந்த குழந்தைகள் அதிகம் ஒத்துழைத்தார்கள்; அடுத்த முறையும் அப்படியே வேண்டும் என்று அவர்களோ பெற்றோரோ கேட்டார்கள். 32 சிறிய எண்தான். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட தொகுப்பறிக்கை, கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டியது. பதற்றமும் வலியுணர்வும் குறைவதற்குச் சான்று இருப்பதாகச் சொல்கிறது. கிரையான் புற்றுநோயைக் குணப்படுத்தாது. அப்படிச் சொல்லும் எவரையும் வார்டுக்குள் விடக் கூடாது.

நோயுற்ற குழந்தையும் ஓவியமும் என்றால் கேரளத்தின் கிளின்ட் நினைவுக்கு வராமல் போகாது. 1976இல் பிறந்து, சிறுநீரக நோயால் 1983இல் 7 வயது நிறையும் முன்பே இறந்த கொச்சிச் சிறுவன். அதற்குள் 25,000க்கும் மேற்பட்ட படங்கள் வரைந்திருந்தான்: யானைகள், திருவிழாக்கள், தெய்யங்கள். அந்தப் பிள்ளைக்குக் கிடைத்ததில் கவனிக்க வேண்டியது மேதைமை அல்ல, தாள். சுவரிலும் தரையிலும் கிறுக்க விட்டார்கள், கேட்டபோதெல்லாம் தாள் கொடுத்தார்கள். ஹிரோஷிமாவின் சடாகோ சசாகி 1955இல் ரத்தப் புற்றுநோயோடு மருத்துவமனையிலிருந்தபோது, தாள் கிடைக்காமல் மருந்து சுற்றிவந்த காகிதத்தில்கூடக் கொக்குகள் மடித்தாள். வார்டில் இன்னொரு கிளின்டைத் தேடும் தொண்டர் மற்ற 20 கட்டில்களுக்கு அநியாயம் செய்கிறார். கட்டில்தோறும் தாள் போய்ச் சேர்வதே வேலை.

குழந்தை கேட்கக்கூடிய ஒரு கேள்விக்குத் தொண்டர் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். வண்ணம் அடித்துக்கொண்டே, தலை நிமிராமல், “அக்கா, நான் செத்துப் போயிருவேனா?” அமெரிக்க மானுடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் ரத்தப் புற்றுநோய் வார்டில் குழந்தைகளோடு இருந்து எழுதி 1978இல் வந்த நூல், யாரும் சொல்லாமலே அந்தக் குழந்தைகள் தம் நிலையை அறிந்திருந்ததையும், பெற்றோருக்காகவே அறியாததுபோல் நடந்துகொண்டதையும் காட்டியது. ஆகவே “அப்படியெல்லாம் பேசக் கூடாது” என்று வாயடைப்பது அந்தப் பிள்ளையை மேலும் தனியாக்கும். பொய் வாக்குறுதியும் வேண்டாம், மருத்துவப் பதிலும் வேண்டாம். “எதனால அப்படித் தோணுச்சு?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம். பெரும்பாலும் பக்கத்துக் கட்டில் காலியானதுதான் காரணமாக இருக்கும். பிறகு டாக்டரிடமும் ஆலோசகரிடமும் தெரிவிக்க வேண்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் தளர்ச்சிக்கு இடமே கிடையாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012இன் போக்சோ சட்டத்துக்குப் பிறகு, குழந்தையோடு தனி அறையில் ஒரு தொண்டரும் இருக்கக் கூடாது என்பதை எழுதப்படாத விதியாக விட்டுவிட முடியாது. எழுதியே வைக்க வேண்டும். காவல்துறை நன்னடத்தைச் சான்று, மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் எழுத்து அனுமதி, அடையாள அட்டை மூன்றும் இல்லாமல் வார்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. போன் பைக்குள் இருக்கட்டும். முடி உதிர்ந்த தலையோடு சிரிக்கும் பிள்ளையின் படம் வாட்ஸ்அப்பில் எத்தனை இதயக்குறி வாங்கினாலும், அது அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பு படிக்கும்போதும் எங்கோ இருக்கும். பிறந்தநாள் கொண்டாட ஒரு நாள் கூட்டமாக வந்து, கேக் வெட்டி, படமெடுத்துப் போகிறவர்கள் தொண்டர்கள் அல்லர். அவர்கள் போன பிறகு வார்டில் விழும் அமைதியை சிஸ்டர்கள் அறிவார்கள்.

பெருநகரத்தில் இந்தப் பணிக்கு ஏற்கெனவே தளங்கள் உண்டு. 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா, சிகிச்சைக்கு வெளியூரிலிருந்து வரும் புற்றுநோய்க் குழந்தைகளின் குடும்பங்களுக்கு இலவசத் தங்குமிடம் தருகிறது. சென்னையிலும் வேலூரிலும் அதன் இல்லங்கள் இருக்கின்றன. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் லிட்டில் தியேட்டர் நாடகக் குழுவினரின் கோமாளிகள் கட்டில் கட்டிலாகப் போய்ச் சிரிக்கவைக்கிறார்கள். ஓவியத் தொண்டுக்கு இது அண்ணன் தம்பி உறவு. தெற்கு மாவட்டங்களில் இதற்கு இணையாகச் செய்ய வேண்டியது நிறைய மிச்சமிருக்கிறது.

இனி வீட்டு முனை. முதல் சில மாதக் கடுமையான சிகிச்சை முடிந்ததும், மாதம் ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரி, மற்ற நாளெல்லாம் வீடு என்று ஆகிவிடும். பல பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை, கூட்டத்திலும் சேர்வதில்லை. அப்பா தறிக்குப் போய்விடுவார். மாஸ்க் போட்ட பிள்ளையிடம் தெருப் பிள்ளைகள் ஒதுங்குவார்கள். புற்றுநோய் தொற்றும் என்று இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. வார்டில் ‘அக்கா’ வந்தார், இங்கே யாரும் வருவதில்லை. நோயின் மிக நீண்ட பகுதி இதுதான். தொண்டு ஒன்றும் எட்டிப்பார்க்காத பகுதியும் இதுதான்.

இதற்கு மலைக்கு அந்தப்பக்கம் ஒரு முன்மாதிரி இருக்கிறது. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய தணிப்புச் சிகிச்சை இயக்கம், 1999க்குப் பிறகு மலப்புறம் பகுதியில் அக்கம்பக்கத்தார் வலைப்பின்னலாக விரிந்தது. வாரம் சில மணி நேரம் தரும் சாதாரண ஆட்களுக்கு 16 மணி நேர வகுப்பும் 4 நாள் களப்பயிற்சியும் கொடுத்தார்கள். நர்சோடு வீடு வீடாக அனுப்பினார்கள். 2008இல் மாநில அரசே கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வீட்டுக்கே போய்த் தரும் தணிப்புச் சிகிச்சையையும் உள்ளடக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், தெருவிலிருக்கும் படித்த பெண்கள் மாலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார முடியும் என்பதைக் காட்டியது. வீட்டுக்குப் போகும் நர்சும், தெருவில் தெரிந்த அக்காவும் இருக்கிறார்கள். நோயுற்ற பிள்ளையின் வாசலில் அவர்களைச் சந்திக்கவைப்பதுதான் பாக்கி. பயிற்சி பெற்ற நான்கைந்து பேர் சங்கரன்கோவிலில் இருந்தால், ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் போதும்; எண்ணிக்கை பெரிதாக இராது. வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு அந்தக் கிழமையே போக வேண்டும். வருவதாகச் சொன்ன நாளில் வராத தொண்டர், ஒருபோதும் வராதவரைவிட அதிகம் வலிக்கவைப்பார்.

தொண்டர்களுக்கும் துக்கம் உண்டு. வாரம் ஒருமுறை பார்த்த பிள்ளை அடுத்த வாரம் இருக்காது. கேரளக் குழுக்கள் தமக்குள் கூடிப் பேசுவதை வழக்கமாக வைத்திருக்கின்றன. தனியாகச் சுமக்கிறவர் விரைவில் விலகிவிடக்கூடும். இறந்த பிள்ளையின் வீட்டுக்குப் போகலாமா என்பது ஒவ்வொரு குழுவும் முன்பே முடிவு செய்ய வேண்டிய கேள்வி. பதினாறாம் நாளுக்குள் இருவர் சேர்ந்து போய் வருவதை எந்தக் குடும்பமும் தவறாக எடுத்துக்கொள்ளாது.

படங்கள் யாருக்குச் சொந்தம் என்பதும் முன்பே தெளிவாக வேண்டும். உயிரோடிருக்கும்போது குழந்தைக்கு, பிறகு பெற்றோருக்கு. கண்காட்சி, நாட்காட்டி, நன்கொடைச் சீட்டு எதற்கும் கேட்காமல் எடுக்கக் கூடாது. தொண்டரிடம் தங்கிய தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி, பின்புறம் பென்சிலில் நாளை மட்டும் எழுதி, ஒரு கோப்பில் போட்டு அம்மாவிடம் கொடுக்க வேண்டும். சில அம்மாக்கள் உடனே பிரித்துப் பார்ப்பார்கள். சிலர் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டு, ஆண்டுகள் கழித்து எடுப்பார்கள். டிரைவர் மட்டும் இடது கையால் போட்ட வட்டமாக இருக்கும் அந்தப் பஸ் படமும் அதற்குள் இருக்கும்.